கையில் நின்ற சோறு

சாயர்புரத்தை அடுத்த ஓர் ஊரில் அசனப் பண்டிகை. தேவாலயத்துக்குப் பின்னால் பந்தல் போட்டு, வந்தவர்களையெல்லாம் மணலில் வரிசையாக உட்காரவைத்துக் கறிச்சோறு போடுகிறார்கள். நாடு நாடாகப் போய் இப்படிப்பட்ட ஊர் விருந்துகளைப் படம் எடுப்பது என் பிழைப்பு. இதற்காகவே கோலாலம்பூரிலிருந்து வந்திருக்கிறேன்.

முதல் வரிசையில் ஒரு பெரியவர். முழங்காலை ஊன்றி, அவர் முகத்துக்கு நேரே கேமராவை வைக்கிறேன். வாய்க்குக் கொண்டுபோன சோற்றை அப்படியே நிறுத்திவிடுகிறார். அருமையான படம். பந்தல் துணியின் சிவப்பு அவர் நெற்றியில் விழுகிறது என்று கொஞ்சம் நகர்கிறேன். லென்ஸை மாற்றுகிறேன். குழம்பு அவர் முழங்கைக்கு வழிகிறது. அதுவும் படத்துக்கு நல்லதுதான். இன்னும் நெருங்குகிறேன்.

“எடுத்து முடிச்சாச்சா தம்பி?” என்று கையை இறக்காமலே கேட்கிறார். “நாங்க சாப்பிடலாமா?”

நாங்களா? கேமராவை இறக்கிப் பார்க்கிறேன். அந்த வரிசையே பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறது.

“ஐயோ, சாப்பிடுங்க ஐயா.”

“அசைஞ்சா படம் கெட்டுப்போயிரும்லா. அம்புட்டு தூரத்துல இருந்து வந்திருக்கீய.”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. போன மாதம் ஜாவாவில் ஓர் அறுவடை விருந்து. இதே மாதிரி கையில் சோற்றோடு ஒரு பெண் சிரித்தபடி என்னிடம் ஏதோ கேட்டாள். அவள் பேசியது ஜாவா மொழி; எனக்குத் தெரிந்த மலாய் அதற்கு உதவவில்லை. நானும் சிரித்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டே இருந்தேன்.