இரண்டு முறை மங்கிய நட்சத்திரம்

லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்கு வானம் பார்ப்பதில் பித்து. நெப்டியூனுக்கும் அப்பாலுள்ள குட்டிக்கோள் ஒன்று, அந்தி மங்கியதும் ஒரு நட்சத்திரத்தைச் சில நொடிகள் மறைக்கும் என்று கணித்திருந்தார்கள். மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு காத்திருந்து படம்பிடித்தார். நட்சத்திரம் மறைந்தது, ஆனால் அதற்குச் சற்று முன்பும் ஒருகணம் மங்கியிருந்தது. கோளைச் சுற்றி வளையம் இருக்குமோ? மற்ற ஊர்களில் மேகம். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை.

"வௌவால் ஏதாவது குறுக்கே போயிருக்கும்," என்றாள் மனைவி.

"இருக்கலாம்," என்றார். ஆனால் அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிடும்போதும் அந்தப் பதிவையே ஓட்டிப் பார்த்தார்.

அந்தக் கோள் இன்னொரு நட்சத்திரத்தை மறைக்க மூன்று வருடமானது. அன்று பார்த்து மேகம் மூடிக்கொண்டது. அவர் தொலைநோக்கியைக் கழற்றினார். மனைவி அண்ணாந்தபடியே நின்றாள்.

"மறுபடி எப்பங்க?"

"கணிச்சுச் சொன்னாத்தான் தெரியும்."

"அதுவரைக்கும் எப்படிங்க சும்மா இருக்கிறது?" என்றாள்.