இரண்டு வீட்டுத் தட்டு

என் சமையலறை அலுமாரியில் ஓர் எவர்சில்வர் தட்டு இருக்கிறது. ஓரம் ஒரு பக்கம் நெளிந்தது. அது என்னுடையதல்ல; மாமாவுடையது என்றும் சொல்ல முடியாது. சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில், பதினான்காம் மாடியில், எதிரெதிர்க் கதவுகளில் இருந்த இரண்டு வீடுகளுக்கு அது பொதுவாக இருந்தது. கத்தோலிக்கரான மாமா நத்தாருக்கு அதில் பயத்தம்பணியாரம், கொக்கிஸ் என்று பலகாரம் அடுக்கி எதிர்வீட்டு மாஸ்டருக்குக் கொண்டுபோவார். தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால், பொங்கலன்று மாஸ்டர் அதில் பொங்கிய புக்கையை வைத்துக் கொண்டுவருவார். பிறகு ஈஸ்டர் பாஸ்காவுக்குப் போகும், தீபாவளிக்கு வரும். இருபது வருடத்தில் அது ஆருடைய தட்டென்று இருவருக்குமே மறந்துவிட்டது.

மாமா என் அம்மாவின் தம்பி. மன்னாரில் கடலுக்குப் போனவர். புலம்பெயர்ந்து வந்து, இங்கே அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்தவர். மாமி இறந்தபின் தனியாளாக இருந்தார். மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர், ஓய்வெடுத்த பின்னும் வாய் ஓயாதவர். மாமாவிடம் ஒரு சோம்பல் இருந்தது. குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கோ என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "அடுத்த வருசம் பாப்பம்" என்பார். இப்படியே நிரந்தர வதிவிட அட்டையோடு காலத்தை ஓட்டினார். அந்தச் சோம்பல் ஒருநாள் எங்கள் எல்லாரையும் உலுக்கப்போகிறதென்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஆங்கிலப் புதுவருடம் பிறந்து முதல் சனிக்கிழமை, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறையில் சண்டை வந்தது. மாஸ்டர் மெஷினில் உடுப்பைப் போட்டுவிட்டு மேலே போய் மறந்துவிட்டார். மாமா காத்திருந்து பார்த்து, ஈர வேட்டிகளை எடுத்து மேசையில் வைத்திருக்கிறார். மாஸ்டர் வந்தார், வாய்த்தர்க்கம் வந்தது, மாமா தள்ளினார். மாஸ்டர் மெஷினோடு அடிபட்டு விழ, மணிக்கட்டு முறிந்தது. அங்கே நின்ற யாரோ பொலிசுக்குப் போன் அடித்துவிட்டார்கள்.

பொலிஸ்காரர்கள் முறைப்படிதான் நடந்தார்கள். நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, இப்போதே ஒரு சட்டத்தரணியோடு இலவசமாகப் பேசலாம் என்று தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தமிழிலும் சொன்னார்கள். மாமா எல்லாவற்றுக்கும் ஓம் என்று தலையாட்டிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, முழுவதையும் சொல்லி முடித்தார். நான்தான் தள்ளினேன், கோபத்தில் தள்ளினேன், பிழை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன் பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிற அதே ஒழுங்கு. அந்த ஒழுங்கில் இன்னொரு விதியும் உண்டு: தன் பாவத்தை மட்டும்தான் சொல்லலாம், அடுத்தவனுடையதைச் சொல்லக் கூடாது. அந்த விதியையும் அவர் பொலிஸ் நிலையத்தில் அச்சொட்டாகக் கடைப்பிடித்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் பிணை விசாரணையில் நான் பொறுப்பு நின்றேன். மாமா மாஸ்டரோடு நேரிலோ வேறு ஆட்கள் மூலமோ எந்தத் தொடர்பும் வைக்கக் கூடாது. அந்தக் கட்டடத்துப் பக்கமே போகக் கூடாது. நகரத்துக்கு வெளியே, அஜக்ஸில் என் வீட்டில் இருக்க வேண்டும். மீறினால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டியவள் நான். பத்திரத்தை இரண்டு தரம் படித்துவிட்டு ஒப்பமிட்டேன். மாமா ஒரு பையோடு வந்து என் வீட்டு மேல்மாடி அறையில் இருந்தார். விடியப் புறம் ரயிலேறி வேலைக்குப் போய், பின்னேரம் வந்து, சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுப்பார். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: எப்போது போய் ஒத்துக்கொண்டு இதை முடிக்கலாம்?

சட்ட உதவியில் கிடைத்த சட்டத்தரணி இங்கேயே பிறந்த பெண். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அவளுடைய தமிழ் தடக்கித் தடக்கி வந்தாலும் விளக்கம் தடக்கவில்லை. முதலில் அரசாங்கத் தரப்பு தன்னிடம் இருக்கும் ஆதாரம் எல்லாவற்றையும் எங்களுக்குத் தர வேண்டும். அதைப் பார்க்காமல் ஒன்றையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. அதன்பிறகு வழிகள் உண்டு. குற்றத்தை ஒத்துக்கொள்ளலாம், வழக்காடலாம், அல்லது அரசாங்கத் தரப்போடு பேசி, கோபத்தைக் கட்டுப்படுத்தும் வகுப்புக்குப் போய், அமைதியாக நடப்பேன் என்று உறுதி கொடுத்து, குற்றச்சாட்டை விலக்கிக்கொள்ளக் கேட்கலாம். எந்த வழி என்பதை அவள் தீர்மானிக்க முடியாது, நானும் முடியாது, மாமா ஒருவர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் எலும்பு முறிந்த வழக்கில் ஒத்துக்கொண்டு தண்டனை பதிவானால், குடியுரிமை இல்லாத ஒருவரைத் திருப்பி அனுப்பலாமா என்று குடிவரவுப் பகுதி பார்க்கத் தொடங்கலாம். இதைக் கேட்டதும் நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். மாமா அசையவில்லை.

"செய்ததைச் செய்யேல்லை எண்டு சொல்லச் சொல்லுறியோ பிள்ளை?" என்றார்.

"அப்பிடி இல்லை அங்கிள். நிரூபியுங்கோ எண்டு கேக்கிறது உங்கட உரிமை, அது பொய் இல்லை. ஜட்ஜ் பாதர் இல்லை, அங்கிள். இஞ்ச சொன்னா மன்னிச்சு அனுப்பமாட்டினம், எழுதி வைப்பினம்."

அன்று மாமாவும் நானும் ரயிலில் திரும்பினோம். அஜக்ஸ் வந்து இறங்கும்போது, யோசிக்கிறன் என்றார் மாமா. எனக்கு அவரை உலுக்க வேண்டும் போலிருந்தது. மன்னாரில் அவருக்குப் போவதற்கு ஒரு வீடும் இல்லை.

பொங்கலன்று காலை பத்து மணிபோல் வாசலில் மணி அடித்தது. திறந்தேன். மாஸ்டர். வலது கையில் மாக்கட்டு, இடது கையில் அந்தத் தட்டு, மேலே வாழையிலைத் துண்டு. வீதியில் மகனின் கார் நின்றது. நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் இங்கே வரக் கூடாது என்றேன். மாஸ்டர் பொலிசுக்குப் போய் வழக்கை வாபஸ் வாங்கக் கேட்டாராம். இது இப்போது உங்கள் வழக்கல்ல, அரசாங்கத்தின் வழக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். ஊரில் இரண்டு பேரும் பொலிஸ் நிலையத்து வாசலில் கை கொடுத்தால் முடிந்துவிடுகிற விஷயம் என்று அவர் நினைத்திருந்தார். நானும் ஒருகாலம் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"நான் சொன்ன சொல்லை அவன் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லையாம்," என்றார் மாஸ்டர். "மீன் நாறுற கையால என்ர வேட்டியத் தொடாதை எண்டனான் பிள்ளை. அதுக்குப் பிறகுதான் அவன் தள்ளினவன்."

இருபது வருடமாக அந்தக் கை செய்த பலகாரத்தைத் தின்ற வாய்! ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் தட்டை நீட்டினார்.

"அவனைப் பாக்கக் கேக்கேல்லை. இதை மட்டும் வாங்கி உள்ள வை."

வேறு ஆட்கள் மூலமும் தொடர்பு கூடாது. அந்த வேறு ஆள் நான்தான். அந்தத் தட்டு வாசற்படியைத் தாண்டினால் மாமாவைக் கொண்டுபோய்விடுவார்கள் என்றுதான் என் மூளை சொன்னது. ஏலாது மாஸ்டர் என்றேன். கதவைச் சாத்தினேன். பிறகு கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் பனியில் ஒவ்வொரு அடியாக வைத்து, ஒற்றைக் கையால் தட்டைச் சரிக்காமல் பிடித்துக்கொண்டு போனார்.

திரும்பினால் மாமா மாடிப்படியில் நின்றார். எல்லாம் கேட்டிருக்க வேண்டும். என்னை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"ஒரு கைதானே," என்றார். "தட்டு பாரமா இருந்திருக்கும்."

அன்று மத்தியானமே சட்டத்தரணிக்குப் போன் அடித்தேன். மாஸ்டர் சொன்ன சொல்லைச் சொன்னதும் அவள் இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள். நீங்களும் அங்கிளும் அவரோடு கதைக்க வேண்டாம், நான் கதைக்கிறேன் என்றாள். அந்தச் சொல் தள்ளியதை இல்லையென்று ஆக்காது, ஆனால் அரசாங்கத் தரப்போடு பேச அது பெரிய உதவி என்றாள். பிறகு ஏதோ சாதாரண விஷயம் போல இன்னொன்று சொன்னாள். மாஸ்டருக்கு விருப்பமென்றால், பிணை நிபந்தனையை மாற்றச் சொல்லிச் சட்டப்படி கேட்கலாம், அரசாங்கத் தரப்பு சம்மதித்தால் தொடர்பு வைக்கலாம். ஏன் அன்ரி நீங்க கேக்கேல்லை என்றாள். எனக்குக் கேட்கலாம் என்று தெரியாது. பயந்துகொண்டு கதவைச் சாத்தத் தெரிந்த எனக்கு, ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேல்தான் கோபம்.

மாசி முடிவதற்குள் நிபந்தனை மாறியது; தொடர்பு வைக்கலாம், கட்டடத்துக்கும் திரும்பலாம். அடுத்த வாரம் மாமா தன் வீட்டுக்குத் திரும்பிய அன்று, மாஸ்டர் பங்குனி மாதத்தில் பொங்கல் பொங்கி அதே தட்டில் கொண்டுவந்து வைத்தாராம். கட்டடம் முழுக்கச் சிரித்ததாகக் கேள்வி. மாமா கடைசியில் ஒத்துக்கொள்ளவில்லை. வகுப்புக்குப் போனார், உறுதிப் பத்திரத்தில் ஒப்பமிட்டார், கோடையில் குற்றச்சாட்டு விலக்கப்பட்டது. அன்று நீதிமன்றத்திலிருந்து நேராகக் கோவிலுக்குப் போய், தள்ளியதைப் பாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பு வாங்கினார். குடியுரிமைக்கும் அந்த மாதமே விண்ணப்பித்தார். அதற்கு நான் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை.

போன வருடம் பாஸ்காவுக்குப் பலகாரம் கொடுத்த அடுத்த மாதம் மாமா காலமானார். நித்திரையிலேயே போய்விட்டார். வீட்டை ஒதுக்கும்போது தட்டைத் தேடினேன். அது எதிர்வீட்டில் இருந்தது. மாமா இல்லாத முதல் தீபாவளியை மாஸ்டர் கொண்டாடவில்லை என்று மகன் சொன்னார். நானும் போய்த் தட்டைக் கேட்கவில்லை. கேட்கிற முகம் எனக்கு இருக்கவில்லை.

இந்தப் பொங்கலன்று காலை மணி அடித்தது. அதே கார், அதே பனி. மாஸ்டர் இப்போது நன்றாகத் தளர்ந்துவிட்டார். மகன் முழங்கையைப் பிடித்திருந்தார். தட்டை மட்டும் மகனிடம் கொடுக்கவில்லை. வாழையிலைக்குக் கீழே புக்கையிலிருந்து ஆவி பறந்தது. வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே ஒரு அடிகூட வைக்காமல் கேட்டார்.

"இப்ப வாங்கலாம்தானே, பிள்ளை?"

ஓம் மாஸ்டர் என்றேன். இரண்டு கையாலும் வாங்கினேன். பாரமாகத்தான் இருந்தது.