படத்தில் இல்லாத பிள்ளைகள்

போன சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கிறேன். பின்னால் ஒரு குரல். “அக்கா, நீங்கள்தானே பேப்பரில பத்தி எழுதிறனீங்கள்?”

ஓம் என்றேன். ஏதோ பாராட்டப்போகிறார் என்று முகத்தையும் சரிசெய்துகொண்டேன்... மனிதர் பத்தியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை!

“மகன் பார்மசி படிக்கப் போறான். லைசென்ஸ் சோதனையில எந்தக் கல்லூரிப் பிள்ளையள் கூடப் பாஸ் பண்ணுதுகள்? அங்கதான் விடுவம் எண்டு யோசிக்கிறன்.”

பையைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு அன்ரன் வீட்டுக் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். அன்ரனிடம் அனுமதி வாங்கியாயிற்று.

அன்ரன் மன்னார்க்காரர். ரொக்ஸ்பரோவில் எங்கள் தெருவில்தான் வீடு. பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மெஷின் திருத்துகிறார். மனைவி ரீற்றாவுக்குக் கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை. ஒரே மகள் மெலனி, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய கல்லூரிப் படிப்பை முடித்தவள். இங்கே பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தில் அவளுக்குப் பார்மசி கிடைக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில், இரண்டு கல்லூரிகள் இடம் தந்தன.

எதை எடுப்பது?

அன்ரனுக்குச் சந்தேகமே இல்லை. எத்தனை வருடம் படித்தாலும் லைசென்ஸ் சோதனை பாஸ் பண்ணாவிட்டால் மருந்துக்கடையில் வெள்ளைக் கோட் போட முடியாது. முதல் கல்லூரியில் சோதனை எழுதியவர்கள் அநேகமாக எல்லோரும் பாஸ். மற்றதில் அப்படி இல்லை. “இதில யோசிக்க என்ன கிடக்கு, அக்கா?” என்றார். நானும் தலையாட்டினேன். யார்தான் ஆட்டமாட்டார்கள்?

கல்லூரிகளை நேரில் பார்த்துவிட்டு வர ஒரு வார இறுதியில் காரில் புறப்பட்டார்கள். வேடிக்கை பார்க்க நானும் தொற்றிக்கொண்டேன்.

முதல் கல்லூரி பளபளவென்று இருந்தது. சுற்றிக்காட்டிய பெண் பாஸ் வீதத்தைச் சொல்லும்போதெல்லாம் அன்ரன் திரும்பி எங்களைப் பார்த்தார், அந்தக் கல்லூரியைக் கட்டியதே தான் என்பதுபோல! மெலனி மட்டும் பின்தங்கி நின்றாள். நடைபாதைச் சுவரில் வகுப்புப் படங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு — சேர்ந்தபோது எடுத்தது, முடித்தபோது எடுத்தது.

“முதல் படத்தில நாலு வரிசை நிக்கினம். கடைசிப் படத்தில இரண்டரை வரிசைதான். மற்ற ஆக்கள் எங்க, அன்ரி?”

எனக்கு எப்படித் தெரியும்? அவள் அந்தப் பெண்ணிடமே கேட்டாள். அவர் மறைக்கவில்லை. மூன்றாம் வருடத்தில் கல்லூரியே ஒரு சோதனை வைக்கும், அதில் தேறாதவர்கள் விலகிவிடுவார்கள், மிஞ்சுகிறவர்கள்தான் லைசென்ஸ் சோதனைக்குப் போவார்கள் என்றார். அப்படியானால் விலகியவர்கள் அந்த வீதத்துக்குள் வரமாட்டார்களா என்று மெலனி மறுபடி கேட்டாள். “இல்லை... அவர்கள் எழுதுவதில்லையே.”

இரண்டாவது கல்லூரியின் கட்டடம் பழசு. படமும் இல்லை, பளபளப்பும் இல்லை. மெலனி இந்த முறை நேராகவே கேட்டாள். நரைத்த தலையோடு ஒரு பேராசிரியை பதில் சொன்னார். “எங்கள் வீதம் குறைவுதான். வந்தவர்களை முடிந்தவரை பிடித்து வைத்திருப்போம். சிலர் முதல் தடவை தவறுவார்கள். தவறினால் நாங்களே கூப்பிடுவோம்.”

திரும்பும் வழியில் காருக்குள் மழைக்கு முந்திய புழுக்கம்.

“பிள்ளை, நம்பர் பொய் சொல்லாது.”

“பொய் சொல்லேல்லை, அப்பா. ஆனா முழுக்கவும் சொல்லேல்லை. நான் மெதுவாப் படிக்கிற ஆள். உங்களுக்குத் தெரியும்தானே? மூண்டாம் வருசம் என்னை வெளியில விட்டா என்ன செய்யிறது?”

அன்ரன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். முன்சீட்டில் இருந்த ரீற்றா அதை நிறுத்தினார். “படிக்கப் போறது அவள். அவள் சொல்லட்டும்.”

மெலனி இரண்டாவது கல்லூரிக்குத்தான் போனாள். தட்டுத்தடுமாறிப் படித்தாள். பட்டம் வாங்கினாள். லைசென்ஸ் சோதனை எழுதினாள்.

பெயில்.

அன்றைக்கு நான் போனபோது வீடு செத்த வீடு மாதிரி. மெலனி அறைக்கதவைச் சாத்திவிட்டாள். அன்ரன் குசினிக்குள் நின்று, “அந்த முதல் கல்லூரிக்கு விட்டிருந்தா...” என்று தொடங்கினார். ரீற்றா கையை உயர்த்தினார். “இந்தக் கதையை அவளின்ர காது கேக்கக் கதைக்க வேண்டாம்.” எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அவர் சொன்னதுதான் சரியோ?

அடுத்த நாள் காலை தொலைபேசி அடித்தது. எடுத்தவர் அன்ரன். அந்த நரைத்த தலைப் பேராசிரியை! சுகம் விசாரிக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. “எந்தப் பகுதி அவளுக்குச் சிக்கல்? மருந்தளவுக் கணக்குத்தானே? திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள்.”

அன்ரன் ரிசீவரைக் கையில் பிடித்தபடி அறைக்கதவைத் தட்டினார். “பிள்ளை, வெளிக்கிடு. நான் கொண்டுபோய் விடுறன்.”

அந்தக் கோடை முழுக்க மெலனி அங்கே ஒரு சிநேகிதியின் அறையில் தங்கி அந்தக் கணக்குகளோடு மல்லுக்கட்டினாள். இரண்டாம் தடவை பாஸ். இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர் மருந்துக்கடையில் வேலை. ரீற்றா பார்க்கப் போன அன்று, ஒரு வயதான விவசாயியிடம் இரத்த அழுத்த மாத்திரையை எப்படி விழுங்குவது என்று பொறுமையாக மூன்றாம் தடவையும் விளக்கிக்கொண்டு நின்றாளாம். மெதுவாகப் படித்தவளுக்கு மெதுவாகச் சொல்லிக்கொடுக்கவும் தெரிகிறது.

அதற்காக, வீதத்தைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். பாதிப் பேர் தவறுகிற கல்லூரியா? திரும்பிப் பார்க்காமல் ஓடுங்கள். வேகமாகப் படிக்கிற, நெருக்கினால் இன்னும் ஓடுகிற பிள்ளையா? முதல் கல்லூரி அதற்குப் பொருத்தமாகவே இருக்கலாம். ஆனால் எத்தனை பேர் பாஸ் என்று கேட்கிற அதே மூச்சில், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்றும் கேளுங்கள். தவறினால் யார் கூப்பிடுவார்கள் என்றும் கேளுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து உங்கள் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

ஒரு விஷயம். கல்லூரிகள் முதல் தடவை எழுதிய முடிவை மட்டுமே கணக்கில் எடுக்கும். ஆக, அந்த வீதத்தில் மெலனி இன்றைக்கும் பெயில்தான். கோயில் மண்டபத்தில் யாராவது கல்லூரியைப் பற்றி விசாரித்தால், அன்ரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறார்: “அங்கத்தைய வீதத்தைக் குறைச்சதே என்ர மகள்தான்!”