முகம் தெரியாதவளிடம் சொன்னது

சாப்பிடும் முன் தட்டைப் படம் எடுக்கும் பழக்கம் என் கணவருக்கு வேலைக்காக வடக்கே வந்து குடியேறிய விஷ்ராந்த்வாடி வீட்டில்தான் வந்தது. தொழிற்சாலையில் பரிசோதித்தபோது சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, ரத்த அழுத்தமும் கூடுதல் என்றார்கள். எங்கள் மகள் அவருடைய போனில் ஓர் உடல்நலச் செயலியை இறக்கிக் கொடுத்தாள். படத்தை அனுப்பினால் ஆலோசகராக இருந்த ஒரு பெண் பதில் எழுதுவாள். அவளை ‘மேடம்’ என்பார்.

கல்யாணமான நாளிலிருந்து நான் கெஞ்சியும் விடாத தெருக்கடை வடாபாவை அவள் ஒரே வரியில் நிறுத்தினாள். நான் சோற்றைக் குறைத்தபோது “என்ன, வீட்டுல பஞ்சமா?” என்று கேட்டவர், அவள் சொன்னதும் தானாகவே பாதியை எடுத்து வைத்தார். உடம்பு இளைத்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ வயிறு எரிந்தது. போனைப் பார்த்து அவர் சிரிக்கும்போதெல்லாம் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே நெய் வழியக் கேசரி கிண்டி வைத்தேன். “ஐயோ, மேடம் திட்டுவாங்க” என்று தட்டைத் தள்ளிவிட்டார். அத்தனையையும் நானே தின்று தீர்த்தேன்.

ஒரு நாள் காலை என் போன் அடித்தது. அவசரத்துக்கு என்று மகள் செயலியில் என் எண்ணைக் கொடுத்திருந்தாள். இந்தியில் பேசியது அந்த ‘மேடம்’தான்; குரலுக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.

“ஆன்ட்டி, அங்கிளை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மாடி ஏறினா நெஞ்சை இறுக்குதாம். நான் போகச் சொன்னா, நீங்க பயந்துடுவீங்கன்னு தயங்குறார். அவரோட அப்பாவும் நெஞ்சுவலியிலதான் போனாராமே?”

மாமனார் காய்ச்சலில் போனார் என்றுதான் என் கணவர் என்னிடம் சொல்லியிருந்தார்.

ரிக்‌ஷா பிடித்துத் தொழிற்சாலை வாசலுக்குப் போய், ஆள் விட்டு அவரை வெளியே வரவழைத்து, அப்படியே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். நேரத்தோடு வந்தீர்கள் என்றார் டாக்டர். வார்டில் அவர் கண் விழித்ததும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: “அவகிட்ட சொல்லத் தெரிஞ்சுது. எங்கிட்ட சொல்ல வாய் வரலையா?”

“அவங்க முகம் எனக்குத் தெரியாது. உன் முகத்தைப் பார்த்துக்கிட்டு அதைச் சொல்ல முடியலடி.”

அந்தப் பெண்ணுக்கு நன்றி சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன். பொறாமை அடியோடு போய்விட்டது என்று மட்டும் சொல்ல மாட்டேன். அவர் இப்போது நன்றாக நடக்கிறார், அளவாகச் சாப்பிடுகிறார். உடம்புக்கு ஏதாவது என்றால் முதலில் என்னிடம்தான் சொல்கிறார், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு.