பழுதில்லாத ரேடியோ

போன கிழமை வெள்ளவத்தையில் சிநேகிதி வீட்டில், அவளுடைய போனில் ஒரு நாடகம் கேட்டோம். முடிந்ததும் நடித்தவர்களின் பெயர்களை ஒருத்தி வாசிக்கத் தொடங்கினாள். சனியன் பிடித்த போன், அதற்குள் அடுத்த நாடகத்துக்குத் தாவிவிட்டது! "அட, பேரைக் கேக்கவிடு!" என்று நான் போட்ட சத்தத்தில் சிநேகிதியின் பூனை எழும்பிப் போய்விட்டது. இதுக்குப் போய் இவ்வளவு கோபமா என்றாள். உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

யுத்தகாலத்தில் கொழும்பில் ஒரு ரேடியோவில், ஞாயிறு பின்னேரங்களில் பிரெஞ்சு நாடகங்களையும் கவிதைகளையும் இங்கிலீஷில் மொழிபெயர்த்துப் போடுவார்கள். கொட்டாஞ்சேனையில் இருந்து நானும் நடிக்கப் போனேன். எல்லாம் கான்வென்ட் சிஸ்டர்மார் அடித்துப் படிப்பித்த இங்கிலீஷின் புண்ணியம். முதல் நாள் பட்டுச்சாறி கட்டிக்கொண்டு போனேன், ரேடியோவில் சாறி தெரியுமாக்கும்! ஸ்டூடியோவில் ஈரக் கம்பளம் மணக்கும். இன்றைக்கும் மழையில் நனைந்த கால்மிதி மணந்தால் நான் பாரிஸ் சீமாட்டிதான்.

தயாரிப்பாளர் பெயர்களில் மகா கண்டிப்பு. பிரெஞ்சுப் பெயரை மூக்கால் சொல்ல வேணும், கடைசி எழுத்தை விழுங்க வேணும். ஒரு கிழமை முழுக்க இதே பயிற்சி. ஒருவரின் பெயரைப் பிழையாகச் சொல்வது அவரை அவமதிக்கிற வேலை என்பார். மரியாதை தெரிந்த மனிசன் என்று நானும் நம்பினேன்.

என் முழுப்பெயர் மேரி சவரிமுத்து. பின்னது அப்பாவின் பெயர். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அப்பா, பதிந்த நாடகம் ரேடியோவில் போன அன்று பக்கத்து வீட்டாரை எல்லாம் கூப்பிட்டு வைத்திருந்தார். நாடகத்தில் அரைவாசியும் அவருக்கு விளங்கவில்லை. அவர் காத்திருந்தது கடைசிக்கு. "பொறுங்கோ, இப்ப என்ட பேரும் வரும்" என்றார். அறிவிப்பாளர் வாசித்தார். எல்லாருக்கும் முழுப்பெயர். எனக்கு மட்டும் "மேரி". அவ்வளவுதான். சவரிமுத்து இல்லை.

அப்பா எழும்பி ரேடியோவின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "சீ! சரியா அந்த இடத்திலதான் இது கரகரக்கும்." வந்தவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டித் தேத்தண்ணியைக் குடித்தார்கள்.

அடுத்த நாள் தயாரிப்பாளரிடம் போய்க் கேட்டேன். "நாட்டு நிலைமை தெரியும்தானே. தமிழ்ப் பெயர் எதற்கு? உன் நன்மைக்குத்தான்" என்றார். என் நன்மையாம்! கண்காணாத பிரெஞ்சுக்காரனுக்கெல்லாம் மூக்கால் மரியாதை, என் அப்பாவுக்குக் கத்தரிக்கோல். அந்த நாட்களில் சவரிமுத்து என்ற பெயரை எழுத்து விடாமல் வாசித்தது சோதனைச் சாவடி ஆமிக்காரன் மட்டும்தான். அதோடு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

சனிக்கிழமை அப்பா ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மருதானையில் ரேடியோ திருத்துகிற கடைக்கு வெளிக்கிட்டார். பக்கத்து வீட்டாருக்குப் பழுது என்று சொல்லியாயிற்று, இனித் திருத்தத்தானே வேணும். நானும் கூடப் போனேன். கடைக்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு, "மாத்தயா, இதில ஒரு பழுதும் இல்லையே" என்று சிங்களத்தில் சொன்னார்.

அப்பா விடவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் அவரும் சிங்களத்திலேயே சொன்னார்: "நல்லாப் பாருங்கோ. பேர் வாசிக்கேக்க மட்டும்தான் கரகரக்குது."

அந்த நாடகம் பதிந்த நாடாவின் மேல் பிறகு கிரிக்கெட் வர்ணனையைப் பதிந்துவிட்டார்களாம். இப்ப அந்த ஞாயிறு நிகழ்ச்சி இல்லை. மருதானைக் கடை இல்லை. அப்பாவும் இல்லை. சாகும் வரைக்கும் அந்த ரேடியோவில்தான் பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.