ஸ்டார்ட் பட்டனும் என் சரணமும்

மூன்று விநாடி. மிஞ்சிப்போனால் நான்கு. அதற்குமேல் என் பாட்டை இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.

போன வாரம் அடையாறில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அக்கா பையன் விக்கி தன் புது டிவி கேமைப் போட்டான். திரையில் கேம்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. கூடவே என் பாட்டும் ஆரம்பித்தது. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அவன் ஸ்டார்ட் பட்டனை அமுக்கினான்... பாட்டு காலி.

திரும்பப் போடச் சொன்னேன். போட்டான். மறுபடியும் அமுக்கப் போனான். கையைப் பிடித்துக்கொண்டு, பாட்டு முடியட்டும் இருடா என்றேன். பயல் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"மாமா, இது கேம் இல்ல. வெறும் லிஸ்ட்."

லிஸ்ட்! என் இரண்டு மாத உழைப்பு, வெறும் லிஸ்ட்!

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் மைத்துனன் சேகர், தி.நகரில் ஒரு சந்து மாடியில் டிவி கேம் பெட்டிகளை அசெம்பிள் செய்கிறான். ஒரே கேசட்டில் ஏகப்பட்ட கேம்கள். எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முதலில் ஒரு மெனு வரும் அல்லவா? அதற்கு ஒரு பாட்டு வேண்டும் என்று வந்து நின்றான். "இப்ப இருக்கறது ஆம்புலன்ஸ் வர்ற மாதிரியே கீது மாமா. உங்களுக்கு கம்ப்யூட்டரும் தெரியும், பாட்டும் தெரியும்" என்று ஐஸ் வைத்தான். எனக்குப் பாட்டு தெரியாது. தெரிந்தவள் அவன் அக்கா வசந்திதான் — என் மனைவி, சாந்தோமில் ஒரு பள்ளியில் மியூசிக் டீச்சர். ஆனால் ஐஸ் வைத்தால் எனக்குத் தலை கால் புரியாது. சரி என்றுவிட்டேன்.

அந்தப் பெட்டியில் சத்தம் போடுகிற சிப்புக்கு நான்கே குரல்கள். இரண்டு 'பீப்' குரல். அடியில் முனகுகிற ஒரு குரல். நான்காவது வெறும் 'ஷ்ஷ்' — டிவியில் படம் போய்விட்டால் வருமே, அது. இதை வைத்துக்கொண்டு என்ன பாடுவது? பல்லவியை மோகன ராகத்தில் போட்டேன். சமத்தாக உட்கார்ந்துவிட்டது. 'ஷ்ஷ்'ஷை நறுக்கி நறுக்கித் தாளமாக்கினேன். சரணத்தில்தான் புத்தி கெட்டுப்போய் சஹானாவைத் தொட்டேன்.

சஹானா நேராக நிற்காது. வளையும், குழையும். சிப்போ, கொடுத்த நம்பரில் குச்சி மாதிரி நிற்கும். என்ன செய்ய? ஒரே ஸ்வரத்துக்குள் நம்பரைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, மறுபடி ஏற்றி... இப்படியே டைப் அடித்தேன். அதை மெமரி சிப்பில் ஏற்றிப் பெட்டியில் செருகிக் கேட்பேன். தப்பா? அழிப்பதற்கு அதை ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைத்துக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் என்னால் உட்காரவே முடியாது. படி இறங்குவேன், டீ குடிப்பேன், படி ஏறுவேன், ஆச்சா என்பேன், மறுபடி இறங்குவேன். டீக்கடைக்காரருக்கு என்மேல் சந்தேகமே வந்துவிட்டது.

முதல் தடவை கேட்டுவிட்டு, கார் ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கிறது என்றாள் வசந்தி. பல தடவை அழித்து எழுதிய பிறகு ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "ம்" என்றாள். அவ்வளவுதான். பாட்டு தெரிந்தவர்கள் சொல்லும் 'ம்' எப்பேர்ப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாதா? அன்றைக்கு என் கால் தரையில் பாவவில்லை.

தீபாவளிக்குப் பெட்டிகள் நன்றாக விற்றன. என் அலைச்சலும் ஆரம்பித்தது. எந்த வீட்டில் டிவி கேம் சத்தம் கேட்டாலும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். சரணத்தை ஒரே ஒரு ஆளாவது கேட்டிருப்பாரா? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. சரணம் வர முக்கால் நிமிஷம் ஆகும். அதுவரை யார் இருக்கிறார்கள்? பாட்டு முடியும்வரை ஸ்டார்ட் பட்டன் வேலை செய்யாதபடி பண்ண முடியுமா என்று சேகரைக் கேட்டேன். "இன்னா மாமா, கடையை மூடச் சொல்றியா?" என்றான். அதுவரை 'ங்க' போட்டுப் பேசிக்கொண்டிருந்தவன்.

அடையாறிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் பொருமிக்கொண்டே வந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை என்பதே இல்லை, எல்லாம் ரிமோட் செய்த வேலை, இத்யாதி. வசந்தி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"போன மார்கழி சீசன் கச்சேரியில தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் முதல் ஆளா கேன்டீனுக்கு எழுந்து போனது யாருங்க?"

கச்சேரி முழுக்கப் பக்கவாத்தியமாக இருந்துவிட்டு, மிருதங்கக்காரர் தனக்கென்று வாசிப்பதே அந்தக் கொஞ்ச நேரம்தான். எனக்கோ அப்போது ரவா தோசை ஞாபகம். பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, வசந்தியோடு வேலை பார்க்கும் கணக்கு டீச்சர் ஸ்டெல்லா சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சர்ச்சுக்குப் பின்னால் வீடு. சமையலறையில் வஞ்சிரம் வறுத்துக்கொண்டே டீச்சர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பேப்பர் புரட்டிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது. சரணம்! என் சரணம்! அந்த சஹானா வளைவு, குழைவு எல்லாம் அப்படியே!

எழுந்து ஓடினேன். இதை எங்கே கேட்டீர்கள் என்றேன்.

"இதுவா சார்? எங்க வீட்டு டிவி கேம்ல வர்றது. வாங்கின நாள்லேர்ந்து அதுல ஸ்டார்ட் பட்டன் வேலை செய்யல. கேம் வராது, பாட்டு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். பேப்பர் திருத்தும்போது போட்டு விட்டுடுவேன். நல்லா இருக்கும் சார்."

நான் வசந்தியைப் பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அது என் பாட்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் டீச்சரின் மகள் ஷீலா ரிமோட்டைப் போன்ற அந்த விளையாட்டுக் கட்டையோடு வந்து நின்றாள். எனக்கு கம்ப்யூட்டர் தெரியும் என்று வசந்தி ஆன்ட்டி சொன்னார்களாம், பட்டனைச் சரி பண்ணித் தர முடியுமா என்றாள்.

நீங்களே சொல்லுங்கள். ஊரெல்லாம் தேடிக் கிடைத்த ஒரே ரசிகை. அவரும் ஒரு பட்டன் கெட்டுப்போன புண்ணியத்தில் கிடைத்தவர். அதை நானே சரி பண்ணிக் கொடுப்பதா?

ஸ்க்ரூடிரைவர் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிடுவாள் என்ற நப்பாசைதான். ஓடிப்போய் எடுத்து வந்தாள். திறந்து பார்த்தால், பட்டனுக்கு அடியில் இருக்கவேண்டிய சின்ன ரப்பர் ஒதுங்கிக் கிடக்கிறது. விரலால் தள்ளினால் போதும். இது தேறாதும்மா என்று மூடிக் கொடுத்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் தீபாவளியிலிருந்து பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு கேம்கூட ஆடாத பெண், மூச்சு விடாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை. தள்ளினேன். மூடினேன். கொடுத்தேன்.

ஷீலா டிவியைப் போட்டாள். பல்லவி ஆரம்பித்தது. மூன்று விநாடி... ஸ்டார்ட்.

வறுவல் சத்தத்தைத் தாண்டி சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஷீலா, அதை ஏன்டி நிறுத்தின? சரணம் இன்னும் வரவே இல்லையே."

டேய் விக்கி, லிஸ்ட்டுக்கு எங்கேயாவது சரணம் இருக்குமாடா?