சேனை வைத்த கை

போன மாதம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கீழே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், பழனியம்மாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. விடிந்ததும் அவள் புருஷன் மாரிமுத்து என் வாசலில் வந்து நின்றார்.

"மாஸ்டர்தான் சேனை வைக்கணுங்க. ஒங்க படிப்பு எம்புள்ளைக்கு வரட்டும்."

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித்தண்ணீர் வைப்பவரின் குணம் அதற்கு வரும் என்று நம் ஜனங்களுக்கு நம்பிக்கை. தேடி வந்து கூப்பிட்டால் எனக்குக் கசக்குமா? அன்று லேசான தடுமல்தான்... இந்த மழையில் யாருக்குத்தான் மூக்கு ஒழுகவில்லை? துடைத்துக்கொண்டு போனேன். துடைத்த கையாலேயே சேனை வைத்தேன்.

ஐந்தாம் நாள் குழந்தைக்கு இருமல். பால் குடிக்கவில்லை. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா உள்ளே போனது. செய்தி கேட்டு நானும் ஓடினேன். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறிக்கு ஆள் அனுப்பிவிட்டுக் கேட்டார்:

"வீட்டுல யாருக்குத் தடுமல்? நமக்கு அது மூக்கோட போயிரும். பச்சப்புள்ளைக்கும் வயசானவங்களுக்கும் நெஞ்சுல எறங்கிரும்."

"ஒருத்தருக்கும் இல்லீங்களே!" என்றாள் பழனியம்மா.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் குழந்தை போய்விட்டது. துக்கம் விசாரிக்கப் போனபோது பழனியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒங்க கையால இனிப்பாச்சும் வாங்கிட்டுப் போச்சுங்க மாஸ்டர்..."

வெட்கமாக இருந்தது. அப்போதும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மேல் லயத்து ராமையா வந்தார். அவருக்குப் பெண் குழந்தை. நான்தான் சேனை வைக்க வேண்டுமாம். எனக்கு மறுபடியும் தும்மல்.

"தடுமலா இருக்கு ராமையா. வேற யாரையாச்சும் கூப்பிடுங்க."

"தடுமலுக்கெல்லாமா சேனைய வேணாம்பாங்க? லயத்துக்கு வரப் புடிக்கலன்னு நேராச் சொல்லிருங்க மாஸ்டர்."

விறுவிறுவென்று போய்விட்டார். பின்னாலேயே ஓடி உண்மையைச் சொல்லியிருக்கலாம். பழனியம்மாவிடமே சொல்லாததை இவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

நேற்று பழனியம்மா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன் — தடுமல், துடைத்த கை, வாயை மூடிக்கொண்டது. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

படிப்பவர்களே, தும்மல் இருந்தால் தொட்டில் பக்கம் போகாதீர்கள். கூப்பிட்டவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ராமையா இன்னும் என்னோடு பேசவில்லை — அவர் மகள் நன்றாகப் பால் குடிக்கிறாளாம்.